சோறு குறைந்த தட்டில் காய்கறி ஏறிய கதை

(பண்ணை நேயர்களுக்கான வானொலி உரை)



"உடம்பிலே சர்க்கரை இருக்கு. சோத்தைக் குறைங்க, காய்கறியைக் கூட்டிக்குங்க." ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிற பலபேர் மருந்துச் சீட்டோடு சேர்த்து வாங்கிக்கொண்டு வருகிற புத்திமதி இது. கேட்கச் சுலபம். செய்யத்தான் கஷ்டம். இரண்டு நாள் கத்தரிக்காய், இரண்டு நாள் புடலங்காய் ஆனதும், "எத்தனை நாளைக்கு இதையே தின்கிறது? சோறு இல்லாத சாப்பாடு ஒரு சாப்பாடா?" என்று பழையபடி குண்டான் பக்கம் கை போய்விடும். கடையிலே நூக்கல் இருக்கும், சௌசௌ இருக்கும், காலிஃப்ளவர் இருக்கும். "அதெல்லாம் நமக்குப் பழக்கமில்லீங்க" என்று தாண்டிப் போய்விடுவோம்.

சர்க்கரை வியாதி பட்டணத்துக்காரர்களின் வியாதி என்று சொன்ன காலம் மலையேறிவிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுவதும் எடுத்த கணக்கு 2023-ம் ஆண்டில் வெளிவந்தது. அதன்படி நம் நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு இந்த வியாதி இருக்கிறது. கிராமத்துப் பெரியவர்களில் மட்டும் பார்த்தால் 100-க்கு ஏறக்குறைய 9 பேர். அதனால் இது நம் வீட்டு விஷயம்தான்.

மாவுச்சத்தைக் குறைத்துக் காய்கறியைக் கூட்டு என்கிற இந்த யோசனை எங்கிருந்து வந்தது? யார் யார் பட்ட பாட்டிலிருந்து வந்தது? அதைத் தெரிந்துகொண்டால், பழக்கமில்லாத ஒரு காயைத் தட்டில் போடும்போது நமக்கு இருக்கிற தயக்கம் கொஞ்சம் குறையும். அந்தக் கதையைத்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன்.

காய்கறியே கூடாது என்ற காலம்

இனிப்பு நீர் இறங்குகிற வியாதி பழைய காலத்திலேயே நம் நாட்டு வைத்தியர்களுக்குத் தெரியும். மதுமேகம், நீரிழிவு என்றெல்லாம் பெயர் வைத்திருந்தார்கள். ஆனால் சாப்பாட்டை அளந்து கொடுத்து, சிறுநீரையும் சோதித்துப் பார்த்து, இரண்டையும் எழுதிவைத்த வைத்தியம் ஐரோப்பாவில் சுமார் 225 வருஷத்துக்கு முன்னால் சூடுபிடித்தது.

ஜான் ரோலோ என்று ஒருவர். ஸ்காட்லாந்துக்காரர், பிரிட்டிஷ் பீரங்கிப் படையில் டாக்டர். அவரிடம் மெரிடித் என்ற 34 வயது காப்டன் வந்தார். ஒரு காலத்தில் 105 கிலோ இருந்த மனுஷர், வியாதியினால் 73 கிலோவாக இளைத்துப்போயிருந்தார். தீராத தாகம், தீராத பசி. ரோலோ என்ன நினைத்தாரென்றால், செடிகொடியிலிருந்து வருகிற உணவுதான் வயிற்றுக்குள்ளே போய்ச் சர்க்கரையாக மாறுகிறது என்று. அதனால் ரொட்டி மாத்திரம் அல்ல, காய்கறியையும் நிறுத்தினார். பால், ரத்தத்தையும் கொழுப்பையும் சேர்த்துச் செய்த பண்டம், நாள்பட்ட இறைச்சி, கெட்டுப்போகத் தொடங்கிய கொழுப்பு, இதுதான் சாப்பாடு. கேட்கவே குமட்டுகிறதில்லையா? ஆனால் காப்டனுடைய சிறுநீரில் சர்க்கரை குறைந்தது, உடம்பு தேறியது. 1797-ம் ஆண்டு ரோலோ இதைப் புத்தகமாகப் போட்டார்.

சாப்பாட்டை மாற்றினால் வியாதி கட்டுக்குள் வரும் என்று காட்டியது அவருடைய பெருமை. காய்கறியையும் மாவுப் பண்டத்தையும் ஒரே தராசில் போட்டு ஒதுக்கியது அவருடைய குறை. அந்தச் சாப்பாட்டை நாள்கணக்காக யாரால் தின்ன முடியும்? நோயாளிகள் பாதியில் விட்டு ஓடினார்கள்.

முற்றுகை சொன்ன பாடம்

காய்கறிக்கு மறுபடியும் கதவைத் திறந்துவிட்டவர் பாரிஸ் நகரத்து டாக்டர் பூஷார்தா. மருந்து தயாரிப்பிலும் தேர்ந்தவர். அவர் செடிகொடிகளை ஒரே கூட்டமாகப் பார்க்கவில்லை. பச்சைக் கீரையிலும் காயிலும் சர்க்கரையாக மாறக்கூடிய சத்து மிகக் கொஞ்சம், ரொட்டியிலும் கிழங்கிலும்தான் அதிகம் என்று பிரித்துக் காட்டினார். கீரையும் காயும் சேர்த்தால் உடம்புக்கு வேண்டிய உப்புச் சத்துக்கள் கிடைக்கும். அதோடு சாப்பாடு அலுக்காமல் இருக்கும் என்றார். இந்த இரண்டாவது காரணத்தை நன்றாகக் கவனியுங்கள். பத்தியச் சாப்பாட்டுக்குப் பெரிய எதிரி அலுப்புத்தான் என்பது அவருக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.

1870-ம் ஆண்டு செப்டம்பரில் ஜெர்மானியப் படை பாரிஸ் நகரத்தைச் சுற்றி வளைத்தது. நாலு மாதத்துக்கு மேல் வெளியிலிருந்து தானியம் வரவில்லை. ரொட்டிக்குப் பஞ்சம். ஊரே பட்டினியில் வாடியபோது, பூஷார்தாவின் சர்க்கரை நோயாளிகளுக்குச் சிறுநீரில் சர்க்கரை குறைந்துபோனது. அவர் பல வருஷமாகச் சொல்லிவந்ததை முற்றுகை வந்து நிரூபித்துவிட்டது. மாவு குறைந்தால் சர்க்கரையும் குறைகிறது. அவர் இன்னொன்றும் சொன்னார்: உடம்பு வணங்கி உழைக்கிறவனுக்கு இந்த வியாதி சீக்கிரம் கட்டுப்படும் என்று. ஏர் பிடிக்கிறவர்களுக்கு இது புரியாத விஷயம் அல்ல.

இதே காலத்தில் லண்டனில் வில்லியம் பாண்டிங் என்று ஒரு பெரியவர் இருந்தார். சவ அடக்கக் காரியங்களை எடுத்து நடத்துவது அவர் தொழில். சுமார் 92 கிலோ எடை. குனிந்து பூட்ஸ் கயிறு கட்ட முடியாது, மாடிப்படி இறங்க முடியாது. காது கேட்கவில்லை என்று டாக்டர் ஹார்வியிடம் போனார். அந்த டாக்டர் பாரிஸில் சர்க்கரை வியாதியைப் பற்றிய சொற்பொழிவுகளைக் கேட்டுவிட்டு வந்தவர். "ரொட்டி, சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு இவற்றை நிறுத்துங்கள், உருளையைத் தவிர வேறு எந்தக் காயும் சாப்பிடலாம்" என்றார். ஒரு வருஷத்தில் இருபது கிலோவுக்கு மேல் இறங்கியது. பாண்டிங் 1863-ம் ஆண்டு தன் செலவிலேயே ஒரு சிறு புத்தகம் போட்டு ஊருக்குச் சொன்னார். மாவைக் குறைக்கிற சாப்பாடு பொதுஜனங்களுக்குத் தெரிந்தது அந்தப் புத்தகத்தால்தான்.

மூன்று தண்ணீர் வடித்த கீரை

இனி வருவது மனதைக் கலக்குகிற பகுதி. சர்க்கரை வியாதியில் முக்கியமாக இரண்டு வகை. பெரியவர்களுக்குச் சிறுகச் சிறுக வருவது ஒன்று. குழந்தைகளுக்கும் இளைஞர்களுக்கும் திடீரென்று வருவது இன்னொன்று. இந்த இரண்டாவது வகையில் கணையம் இன்சுலின் சுரப்பதையே ஏறக்குறைய நிறுத்திவிடும். நூறு வருஷத்துக்கு முன்னால் அப்படிப்பட்ட குழந்தைக்கு மருந்தே கிடையாது. சில மாதம், அதிகம் போனால் ஒன்றிரண்டு வருஷம், அவ்வளவுதான் ஆயுள்.

அமெரிக்காவில் நியூயார்க் நகரத்து ராக்ஃபெல்லர் ஆஸ்பத்திரியில் பிரெடரிக் ஆலன் என்ற டாக்டர் 1914-ம் ஆண்டு வாக்கில் ஒரு வைத்தியத்தைத் தொடங்கினார். பட்டினி வைத்தியம் என்றே அதற்குப் பெயர். சிறுநீரில் சர்க்கரை நிற்கும்வரை நோயாளியைப் பட்டினி போடுவது. நின்ற பிறகு துளித்துளியாகச் சாப்பாட்டைக் கூட்டுவது. அப்படிக் கூட்டும்போது முதன்முதலில் தட்டுக்கு வருவது காய்கறிதான். அந்த அளவு காயிலும் சர்க்கரை ஏறுகிற நோயாளிக்கு அதை மூன்று தடவை வேகவைத்து, மூன்று தடவையும் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டுக் கொடுத்தார்கள். காயில் இருக்கிற சர்க்கரை தண்ணீரோடு போய்விடும். சத்தும் ருசியும் சேர்ந்தே போய்விடும். மிஞ்சுவது சக்கை. வயிறு நிறைந்தது என்று ஒரு நினைப்பு வரவேண்டும், அதற்காகத்தான் அது.

எலிசபெத் ஹியூஸ் என்ற சிறுமி 1919-ம் ஆண்டு ஆலனிடம் வந்தாள். வயது 11. அவளுடைய அப்பா சார்லஸ் இவான்ஸ் ஹியூஸ், நியூயார்க் மாகாண கவர்னராக இருந்தவர், அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் நின்றவர். அவ்வளவு பெரிய இடத்துப் பெண்ணுக்கும் மருந்து கிடையாது, பத்தியம்தான் கிடைத்தது. ஒவ்வொரு கவளத்தையும் தராசில் நிறுத்துத்தான் சாப்பிட்டாள். மூன்று வருஷத்தில் 34 கிலோ எடை சுமார் 20 கிலோவாகக் குறைந்தது. அப்படியும் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எல்லாராலும் அது முடியவில்லை. ஆலனிடம் இருந்த 12 வயதுப் பையன் ஒருவன், வியாதியால் கண்பார்வை போனவன். பசி தாங்காமல் பல் விளக்கும் பசையையும், கூண்டுப் பறவைக்கு வைத்திருந்த தானியத்தையும் எடுத்துத் தின்றிருக்கிறான். பசி என்றால் இதுதான்.

பாஸ்டன் நகரத்து அட்டவணை

அதே காலத்தில் பாஸ்டன் நகரத்தில் எலியட் ஜாஸ்லின் என்ற டாக்டர், நோயாளிகளுக்கு ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்தார். நூறு பங்கு காயில் எத்தனை பங்கு மாவுச்சத்து என்று பார்த்து, 5 பங்கு உள்ளவை, 10 பங்கு உள்ளவை, 15 பங்கு உள்ளவை, 20 பங்கு உள்ளவை என்று நான்கு வரிசையாகப் பிரித்தார். படிப்பில்லாத நோயாளியும் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். 5 பங்கு வரிசையில் இருப்பதைத் தாராளமாகச் சாப்பிடலாம். 20 பங்கு வரிசையில் உருளைக்கிழங்கும் வெந்த சோறும் இருக்கும், அதிலே கையை அடக்கவேண்டும்.

அந்த 5 பங்கு வரிசையைப் பார்த்தால் நமக்கு ஆச்சரியமாக இருக்கும். முட்டைக்கோஸ், காலிஃப்ளவர், நூக்கல் இருக்கிறது. நம்முடைய கத்தரிக்காய், பூசணி, வெள்ளரி, முள்ளங்கி, தக்காளியும் அங்கே இருக்கிறது. பீட்ரூட் கிழங்கு 10 பங்கு வரிசையில். ஆனால் அதன் இலை 5 பங்கு வரிசையில். வயலோரம் தானாக முளைக்கிற காட்டுக் கீரைகூட ஒன்றிரண்டு அதில் உண்டு. ரொட்டியும் உருளையும் தின்று பழகியவர்கள், அதுவரை சீண்டிப் பார்க்காத இலையையும் தழையையும் வாயில் போட்டுப் பார்க்கவேண்டி வந்தது. ருசிக்காக அல்ல, உயிருக்காக. ஒரே கோஸைத் தினம் தின்னமுடியாமல் புதிது புதிதாகத் தேடினார்கள். வரிசை எவ்வளவு நீளமோ, பத்தியம் அவ்வளவு நாள் தாங்கும்.

ஊசி வந்தது

1921-ம் ஆண்டு கனடா நாட்டின் டொரண்டோ நகரத்தில் பிரெடரிக் பாண்டிங், சார்லஸ் பெஸ்ட் இருவரும் நாயின் கணையத்திலிருந்து இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். (முன்னே சொன்ன லண்டன் பாண்டிங் வேறு, இவர் வேறு.) மக்லியாட் என்ற பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில் இது நடந்தது, காலிப் என்பவர் மருந்தைச் சுத்தப்படுத்தினார். 1922-ம் ஆண்டு ஜனவரியில் லெனார்ட் தாம்ப்ஸன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதல் ஊசி போட்டார்கள். அதே வருஷம் ஆகஸ்டில் எலிசபெத்தும் டொரண்டோவுக்கு வந்து சேர்ந்தாள். மூன்று வருஷத்துக்கு மேல் கண்ணால் காணாத ரொட்டியும் உருளைக்கிழங்கும் அவள் தட்டுக்கு வந்தன. உடம்பு தேறி, படித்து, கல்யாணம் செய்து, குழந்தைகளைப் பெற்று, 1981-ம் ஆண்டுவரை வாழ்ந்தாள். காய்கறிப் பத்தியம் அவளைக் குணப்படுத்தவில்லை. ஆனால் ஊசி வருகிறவரைக்கும் அவளைத் தாக்காட்டிக் கொண்டுவந்து சேர்த்தது.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன? காய்கறி மருந்துக்கு மாற்று அல்ல. பாகற்காய்ச் சாறு குடிக்கிறேன், அதனால் ஊசியை நிறுத்திவிட்டேன் என்று சொல்கிறவர்கள் நம் ஊரிலும் உண்டு. நூறு வருஷத்துக்கு முன்னால் அத்தனை டாக்டர்கள் கூடியும் காயால் முடியாததை, இன்றைக்கும் காய் செய்துவிடாது. அதே சமயம் மருந்து இருக்கிறதே என்று சோற்றை மலையாகக் குவிப்பதும் சரியல்ல. ஊசி வந்த பிறகும் ஜாஸ்லின் தன் பட்டியலைக் கிழித்துப் போடவில்லை. நம் சென்னையில் 1948-ம் ஆண்டு ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் நீரிழிவுக்கென்று தனிப் பிரிவு தொடங்கிய பேராசிரியர் எம். விசுவநாதனும், நம் ஜனங்களுக்குத் தானியத்தை அடியோடு விலக்கச் சொல்லாமல், நார்ச்சத்து நிறைந்த சாப்பாட்டை ஆராய்ந்து எழுதினார். பட்டினியும் வேண்டாம், குவியலும் வேண்டாம் என்பதுதான் கடைசியில் நிலைத்த வழி.

நம் தட்டுக்கு வருவோம்

இப்போது பாஸ்டன் அட்டவணையை நம் ஊர் காய்க்குப் போட்டுப் பார்ப்போம். 100 கிராம் வெந்த சோற்றில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து. அதே 100 கிராம் புடலை, பீர்க்கு, முள்ளங்கியில் மூன்றரை கிராம்கூட இல்லை. சுரைக்காயில் இரண்டரை. கத்தரி, காலிஃப்ளவர், நூக்கல், பாகல் எல்லாம் 4 கிராம் சுமார். கோஸ் நாலரை. வெண்டை ஆறரை. அப்படின்னா என்ன அர்த்தம்? ஒரு கரண்டி சோற்றை எடுத்துவிட்டு அதே எடைக்குக் காலிஃப்ளவர் வைத்தால் மாவு ஏழில் ஒரு பங்குதான். வயிறும் நிறையும்.

ஆனால் காய் என்று பெயர் இருப்பதெல்லாம் ஒன்றல்ல. வாழைக்காயில் 14, சேனையில் 18, சேப்பங்கிழங்கில் 21, உருளையில் 22-க்கு மேல். மரவள்ளியில் 38, அது சோற்றையே மிஞ்சிவிடும். "சோத்தைக் குறைச்சுட்டேன், உருளைப் பொரியல் கொஞ்சம் கூட வச்சுக்கிட்டேன்" என்றால் கணக்கு நேராகிவிடும், லாபமில்லை. கேழ்வரகுக் களியும் அப்படித்தான். நார்ச்சத்து கூடுதல், நல்ல பண்டம். ஆனால் மாவுச்சத்து அதிலும் நிறைய இருக்கிறது. இவ்வளவுதான் என்று அளவு வைத்துத்தான் சாப்பிடவேண்டும்.

சரி, பழக்கமில்லாத காயை எப்படிப் பழகுவது? நூக்கலும் கோஸும் கேரட்டும் நம் மலைக்கு வந்ததே அப்படித்தான். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1820-களில் நீலகிரியில் ஐரோப்பியக் காய்கறிகளைப் பயிர் செய்தார். 1845-ம் ஆண்டில் ஊட்டியில் வெள்ளைக்காரர்கள் மாதச் சந்தா கட்டித் தங்களுக்கென்று ஒரு காய்கறித் தோட்டமே போட்டுக்கொண்டார்கள்; இன்றைய தாவரவியல் பூங்காவுக்கு அதுதான் ஆரம்பம். அவர்களுக்காக விளைந்த காய், 'இங்கிலீஷ் காய்' என்ற பெயரோடு நம் சந்தைக்கு இறங்கியது. இன்றும் திதி கொடுக்கிற நாளில் பல வீடுகளில் கோஸ், கேரட், உருளை சமைப்பதில்லை. புது விருந்தாளி என்ற நினைப்பு இன்னும் போகவில்லை. மிளகாயும் தக்காளியும்கூட அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவைதானே! அவை இல்லாமல் இன்று நம் அடுப்பு எரியுமா?

ஆகவே ஒரு வாரத்துக்கு ஒரு புதுக் காய் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பழகிய பக்குவத்திலேயே செய்யுங்கள். நூக்கலைப் பாசிப்பருப்புப் போட்டுக் கூட்டு வைத்தால் சுரைக்காய்க் கூட்டுக்கும் அதற்கும் அதிகம் வித்தியாசம் தெரியாது. சௌசௌ தோலைத் தூக்கி எறியாமல் துவையல் அரைக்கலாம். காலிஃப்ளவரைத் துருவி, கடுகு தாளித்து உப்புமா மாதிரி கிளறினால் ராத்திரிக்கு அரிசி தேவைப்படாது. மாட்டுக்குப் போடுகிற முள்ளங்கி இலையும் பீட்ரூட் இலையும் நல்ல கீரை. மூன்று தண்ணீர் வடிக்கிற வேலை நமக்கு வேண்டாம். அளவாகத் தண்ணீர் விட்டு, சத்துப் போகாமல் வேகவைத்தால் போதும். தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ அளவோடு இருக்கட்டும்.

இரண்டு எச்சரிக்கை. இன்சுலின் ஊசியோ சர்க்கரை மாத்திரையோ எடுக்கிறவர்கள் சோற்றைத் திடீரென்று வெட்டினால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி, வியர்த்து, மயக்கம் வரும், ஆபத்து. டாக்டரிடம் சொல்லி மருந்தின் அளவையும் சரிபார்த்துக்கொண்டுதான் குறைக்கவேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் எந்தக் காய், எந்தக் கீரை ஆகும் என்று கேட்டுக்கொள்ளவேண்டும்.

விளைவிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சோறு குறைகிற வீடு பெருகப் பெருகக் காய்கறிக்குக் கிராக்கி வரும். முள்ளங்கி 45 நாளில் வந்துவிடும். நூக்கலும் நட்ட இரண்டு மாதத்துக்குள் எடுத்துவிடலாம். சமவெளியில் மழை ஓய்ந்த குளிர்காலம் இவற்றுக்கு ஏற்றது. வீட்டுக் கொல்லையில், குளிக்கிற தண்ணீர் பாய்கிற இடத்தில் நாலு பாத்தி போட்டுப் பாருங்கள். நம் வீட்டார் ருசி பார்த்துப் பழகிய பிறகு வயலுக்குக் கொண்டுபோகலாம். விற்பனைக்கு என்றால் பக்கத்துச் சந்தையின் போக்கைக் கேட்டுக்கொண்டு பரப்பைக் கூட்டுங்கள்.

அன்றைக்கு ஒரு சிறுமி தராசில் நிறுத்துச் சக்கைக் கீரை தின்று நாளைக் கடத்தினாள். நமக்கு மருந்தும் இருக்கிறது, ருசியான காயும் இருக்கிறது, விளைவிக்க நிலமும் இருக்கிறது. வேண்டியது ஒரு கரண்டி சோற்றைக் குறைக்கிற மனசும், தெரியாத காய் ஒன்றை வாங்கிப் பார்க்கிற துணிவும்தான். வருகிற சந்தைக்கே அதை ஆரம்பியுங்கள்.